சிஸ்டருக்கு ஒரு கதவு, பிரதருக்கு மூன்று ஜன்னல்

ஒரகடம் கூட்டுரோட்டில் மதியம் இரண்டு மணிக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் அவசரப்படக் கூடாது. ஏ ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு வெளியே வரும் கம்பெனி பஸ்களும், பி ஷிஃப்டுக்கு ஆள் கொண்டுவரும் பஸ்களும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கும் முகங்களில் பாதிக்கு மேல் இருபது, இருபத்தொரு வயது முகங்கள்.

அப்படியொரு மதியம், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் ஆம்புலன்ஸ் ரூமில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி பேரும் அங்கே வேலை பார்ப்பவர்கள் பேரும் வரக் கூடாது என்பது நிபந்தனை. இரண்டு கட்டில், ஒரு வீல்சேர், ஆக்ஸிஜன் சிலிண்டர், கண் கழுவும் பாட்டில், சுவரில் விஷமுறிவு அட்டவணை. மேசைமேல் நீளமான ரிஜிஸ்டர். நேரம், டோக்கன் நம்பர், டிபார்ட்மென்ட், என்ன உபாதை, என்ன கொடுத்தோம் என்று கட்டம் போட்டிருந்தது. அன்று காலை ஆறு மணியிலிருந்து பதினேழு வரி நிறைந்திருந்தது. அதில் ஆறு வரி ‘தலைசுற்றல்’. வெல்டிங் பொறி பட்டுக் கண் சிவந்தது மூன்று. விரல் நசுங்கல் ஒன்று. மிச்சமெல்லாம் வயிற்றுவலி. மாதவிலக்கு வலியைப் பெண்கள் அப்படித்தான் எழுதச் சொல்கிறார்கள்.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் ஆம்புலன்ஸ் ரூம் இருந்தாக வேண்டும் என்றது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் வரை நீளும் இந்த வட்டாரத்தில் 500 பேர் என்பது சின்னக் கம்பெனி. வல்லம் வடகாலில் தொழிலாளர் தங்குவதற்கென்று 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 படுக்கை. ஆகவே காரும் செல்போனும் செய்கிற ஊர் என்று நாம் நினைத்திருக்கும் இந்த ஊர், சத்தமில்லாமல் நர்ஸுகளுக்கும் வேலை கொடுக்கிறது. இங்கே பெண் நர்ஸ் ‘சிஸ்டர்’, ஆண் நர்ஸ் ‘பிரதர்’. இரவு ஷிஃப்டிலும் ஆம்புலன்ஸ் வண்டியிலும் பிரதர்களைத்தான் அதிகம் பார்க்கலாம்.

நான் பார்க்கப் போன சிஸ்டருக்கு 29 வயது. ஜி.என்.எம். டிப்ளமோ முடித்தவர். அவரிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்ள வந்த பிரதருக்கு 24. பி.எஸ்ஸி. நர்சிங். கட்டிலில் ஓ.ஆர்.எஸ். தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த பெண் அசெம்பிளி லைனில் வேலை செய்கிறாள், 19 வயது, திருவண்ணாமலை பக்கம். காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கியவள். தெளிந்ததும் அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை.

“சிஸ்டர், மிலிட்டரில நர்ஸு வேலை இருக்குதாமே. ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ், மூணுல எதுல சேர்ந்தா நல்லது?”

ஹாஸ்டலில் யாரோ காட்டிய ரீல்ஸ். அமெரிக்கக்காரி ஒருத்தி மூன்று சீருடையைக் காட்டி, எதை எடுத்தால் எந்த ஊர், எவ்வளவு சம்பளம், எத்தனை மாதம் வெளியூர் என்று அடுக்குகிறாள். அங்கே அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. அமெரிக்கத் தரைப்படையின் நர்ஸ் பிரிவு 1901-ல் வந்தது, கடற்படையுடையது 1908-ல், விமானப்படையுடையது 1949-ல். மூன்றும் தனித்தனி. பிரிட்டனிலும் மூன்று படைக்கு மூன்று நர்சிங் சர்வீஸ். கடைக்குப் போய்ப் புடவை எடுப்பதுபோல நிறம் பார்த்து எடுக்கலாம்.

நம் நாட்டில் அந்தக் கேள்வியே பொருந்தாது. அதை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க சிஸ்டருக்கும் பிரதருக்கும் கால் மணி நேரம் ஆனது.

இந்தியாவில் ராணுவ ஆஸ்பத்திரிகளின் நர்ஸ் அதிகாரிகள் அனைவரும் ஒரே அமைப்பைச் சேர்ந்தவர்கள். மிலிட்டரி நர்சிங் சர்வீஸ், சுருக்கமாக எம்.என்.எஸ். மும்பை கொலாபாவில் இருக்கும் கடற்படை ஆஸ்பத்திரி அஸ்வினியானாலும், பெங்களூரு விமானப்படை கமாண்ட் ஆஸ்பத்திரியானாலும், ஸ்ரீநகர் 92 பேஸ் ஆஸ்பத்திரியானாலும், ஒரகடத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பரங்கிமலை மிலிட்டரி ஆஸ்பத்திரியானாலும் அங்கே வார்டில் நிற்பவர் எம்.என்.எஸ். அதிகாரி. கடற்படை ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் இருந்தாலும் அவர் கடற்படை அதிகாரி ஆகிவிட மாட்டார். லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்று தரைப்படைப் பதவிகளிலேயே ஏறுவார். இந்த முறை கொச்சி சஞ்சீவனி, அடுத்த முறை லே. கடல் மட்டத்தில் தொடங்கி மூவாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம்வரை ஒரே வேலை, ஒரே சர்வீஸ். எந்தப் படை என்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மாற்றல் உத்தரவு தேர்ந்தெடுக்கிறது.

இதன் கதை பழையது. 1888-ல் பத்து நர்ஸுகள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி பம்பாயில் இறங்கினார்கள். வெள்ளைச் சிப்பாய்களைக் கவனிப்பதற்காக வந்தவர்கள். இந்தியச் சிப்பாய்களுக்கான நர்சிங் சர்வீஸ் நிரந்தரமாக உருவாக 1926 அக்டோபர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாளைத்தான் இன்றும் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2026-ல் அதற்கு நூறு நிறைகிறது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-ல், அவசரச் சட்டம் ஒன்று போட்டு நர்ஸுகளுக்கு அதிகாரி அந்தஸ்து கொடுத்தார்கள். அந்தச் சட்டம் அவர்களுக்கு வைத்த பெயர் ‘துணைப் படை’. அந்த ‘துணை’ என்ற சொல் பின்னால் எத்தனை வழக்குக்கு வழிவகுக்கும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்காது.

அதே 1943-ல், எதிர்முகாமில், சிங்கப்பூரில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படை உருவானது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி அதன் தலைவி. மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். அந்தப் படையின் நர்சிங் பிரிவுக்குச் சாந்த் பீபியின் பெயர் வைத்தார்கள். ராணுவ நர்ஸ் என்றதும் மலையாளச் சேச்சிதான் நம் நினைவுக்கு வருகிறார். தோட்டத்துத் தமிழச்சிகள் நினைவுக்கு வருவதில்லை. பாடப் புத்தகம் செய்த வேலை அது.

நம் காலத்துக்கு வந்தால் இக்னேஷியஸ் டெலாஸ் ஃப்ளோராவைச் சொல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். 2023-ல் மேஜர் ஜெனரலாக உயர்ந்து எம்.என்.எஸ்.ஸின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். தமிழ்நாட்டிலிருந்து ராணுவத்தில் மேஜர் ஜெனரல் ஆன முதல் பெண் என்று முதல்வர் ஸ்டாலின் அப்போது வாழ்த்தினார். பெரிய செய்திதான். ஆனால் ஒரகடத்து ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. அமெரிக்க ரீல்ஸ் எட்டியிருக்கிறது.

“சரி, எப்டி சேர்றது?” என்றாள் பெண்.

“நீட் எழுதணும்மா,” என்றார் பிரதர்.

“நீட்டா? அது டாக்டருக்குத்தான?”

இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தவறிப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் மாநிலத்தில் பி.எஸ்ஸி. நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில் நடக்கிறது. ஆகவே நர்சிங்குக்கும் நீட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் நம்புகிறோம். ராணுவத்தின் நர்சிங் கல்லூரிகளுக்கோ 2022 முதல் நீட் மதிப்பெண்தான் முதல் சல்லடை. அதில் தேறியவர்களுக்குப் பொது நுண்ணறிவும் ஆங்கிலமும் சோதிக்கும் கம்ப்யூட்டர் தேர்வு, மனநலச் சோதனை, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை. புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு என ஆறு கல்லூரிகள், நாடு முழுவதற்கும் 220 இடங்கள். திருமணமாகாத பெண்கள், பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து முதல் முயற்சியிலேயே 50 சதவீதத்தோடு தேறியவர்கள் விண்ணப்பிக்கலாம். விதவையானவர்களுக்கும் மணவிலக்குப் பெற்றவர்களுக்கும் இடம் உண்டு. நான்கு வருடப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. சர்வீஸில் இருந்தாக வேண்டும் என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். முடித்ததும் லெப்டினன்ட். தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். ராணுவச் சேவை ஊதியம் அதற்கு மேல்.

இதில் ஒரு சங்கடமான கண்ணி உண்டு. நர்ஸ் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலேயே முடிவெடுத்து, இயற்பியலும் வேதியியலும் இல்லாத தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் எடுத்துப் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் நிறைய. அந்தப் பிள்ளைக்கு இந்த வாசல் திறக்காது. நர்சிங்மேல் அதிக ஆசை வைத்தவளே ராணுவ நர்சிங்குக்குத் தகுதியில்லாமல் போகிறாள். பத்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், குரூப் எடுக்கும் அந்த ஒரு வாரத்தில், யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, படித்து முடித்தவர்களுக்கானது. ஷார்ட் சர்வீஸ் கமிஷன். 2024 ஜனவரி 14-ல் தேசியத் தேர்வு முகமை இதற்கான தேர்வை நடத்தியது. பி.எஸ்ஸி., போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. நர்சிங் படித்துப் பதிவு செய்திருக்க வேண்டும், வயது 21 முதல் 35. ஐந்து வருடம், பிறகு நீட்டிப்பு, மொத்தம் 14 வருடம் வரை. இதைச் சிஸ்டர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அறிவிப்பை அவர் மனப்பாடமாகவே வைத்திருந்தார். காரணம், அதில் ஜி.என்.எம். என்ற மூன்று எழுத்து இல்லை.

“மூணு வருஷம் படிச்சேன் சார். ஏழு வருஷம் வேலை பார்த்துட்டேன். ஆனா அந்தப் பேப்பர்ல நான் நர்ஸே இல்ல,” என்றார்.

போன வருடம் பிரஸ் ஷாப்பில் ஒருவருக்கு இரண்டு விரல் துண்டானது. கூட வந்தவர்கள் ரத்தத்தைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் மேலே கட்டுப்போட்டுக்கொண்டே, “விரல் எங்கய்யா, விரலத் தேடுங்க” என்று கத்தியிருக்கிறார். மெஷினுக்கு அடியில் கிடைத்தது. சலைனில் நனைத்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் பெட்டியில் வைத்தார். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது, பட்டால் சதை செத்துவிடும். கேன்டீன் பையன் விரலை ஐஸ் தண்ணீரிலேயே போடப்போனான், கையைத் தட்டிவிட்டேன் என்றார். ஒரு விரல் ஒட்டியது. போர்முனை ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டபோது, இவருக்குப் பயிற்சி போதாது என்று யார் முடிவு செய்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜி.என்.எம். முடித்தவர் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படிக்க இரண்டு வருடம் வேண்டும். வயது வரம்பு இன்னும் மிச்சமிருக்கிறது. சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு வருடம் யார் வீட்டைப் பார்ப்பது? அவருக்கு நான் சொன்னது, எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் படைகளில் சப்-இன்ஸ்பெக்டர் (ஸ்டாஃப் நர்ஸ்) பணி. ஜி.என்.எம். போதும், தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400. ஆண், பெண் இருவரும் போகலாம். “வயசு முப்பது வரைக்கும்தான் சார்,” என்று சிரித்தார். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி பிரதர் விஷயம். அவரிடம் பி.எஸ்ஸி. இருக்கிறது. பதிவு இருக்கிறது. வயது இருக்கிறது. ஆனால் எம்.என்.எஸ்.ஸில் ஆணுக்கு இடமில்லை. பெண்கள் மட்டும்.

ஆணுக்குத் திறந்திருப்பது வேறு மூன்று இடங்கள். வேடிக்கை என்னவென்றால், ரீல்ஸ் பெண் கேட்ட ‘எந்தப் படை?’ என்ற கேள்வி அங்கேதான் உயிரோடு இருக்கிறது. தரைப்படையில் நர்சிங் அசிஸ்டென்ட், பயிற்சி லக்னோவில். கடற்படையில் மெடிக்கல் அசிஸ்டென்ட், முதல் பயிற்சி ஒடிசாவின் சில்காவில். விமானப்படையிலும் மெடிக்கல் அசிஸ்டென்ட், தொடக்கம் பெலகாவியில். மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். மூன்றுமே சிப்பாய் நிலைப் பணி. பிளஸ் டூ அறிவியல் போதும். வயது வரம்பு பொதுவாக 21-லிருந்து 23-க்குள் முடிந்துவிடும். நாலு வருடம் நர்சிங் பட்டம் படித்துவிட்டு வருகிறவனுக்கு, வந்து சேரும்போதே வண்டி கிளம்பியிருக்கும். பெண்ணுக்கு அதிகாரி வாசல் ஒன்று, படையைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆணுக்குப் படையைத் தேர்ந்தெடுக்க மூன்று ஜன்னல், அதிகாரியாக முடியாது.

ஆண்களை ஒதுக்குவதற்குச் சரியான காரணம் இருப்பதாக எனக்குப் படவில்லை. வார்டில் படுத்திருக்கும் ஜவான்களில் பெரும்பாலோர் ஆண்கள். முன்னணி நிலைகளில் அவர்களுக்கு முதலுதவி செய்கிறவர்களும் பெரும்பாலும் ஆண் நர்சிங் அசிஸ்டென்ட்டுகளே. அமெரிக்கத் தரைப்படை ஆண் நர்ஸை அதிகாரியாக ஏற்றுக்கொண்டது 1955-ல். நம் ஊரில் இது டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம். பெண்மைக்குரிய தொழில் என்று நர்சிங்கை உயர்த்திவைத்த அதே கைதான், அதைத் துணைத் தொழில் என்று தாழ்த்தியும் வைத்திருக்கிறது.

தாழ்வு எங்கே என்றால், சம்பளச் சீட்டிலேயே தெரியும். ஏழாவது ஊதியக் குழுவின்படி ராணுவச் சேவை ஊதியம் மற்ற அதிகாரிகளுக்கு மாதம் 15,500 ரூபாய். நர்சிங் அதிகாரிகளுக்கு 10,800. தோளில் அதே நட்சத்திரம்தான்.

கல்யாணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எந்த அம்மாவும் இந்தக் கட்டுரையை மன்னிக்க மாட்டார். “மிலிட்டரிக்குப் போற பொண்ண யாரு கட்டுவா?” என்ற கேள்வி நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ராணுவமே ஒரு காலத்தில் அதைவிட மோசமாக இருந்தது. செலினா ஜான் என்ற லெப்டினன்ட், ராணுவ அதிகாரி ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். திருமணம் செய்தால் நர்ஸை அனுப்பிவிடலாம் என்று 1977-ல் போட்ட விதியைக் காட்டி, 1988-ல் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த விதி 1995-ல் நீங்கியது. அவருடைய வழக்கு முடிய 2024 பிப்ரவரி ஆனது. உச்ச நீதிமன்றம் அந்த விதி அப்பட்டமாகத் தன்னிச்சையானது என்று சொல்லி 60 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. முப்பத்தாறு வருடத்துக்கு 60 லட்சம். வட்டி போட்டுப் பார்க்க வேண்டாம், மனசு கெட்டுப்போகும்.

அதே 2024-ல் இன்னொரு வழக்கில், எம்.என்.எஸ்.ஸில் பணியாற்றி வெளியே வந்தவரும் முன்னாள் படைவீரர்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பஞ்சாப் அரசுப் பணித் தேர்வில் அந்த ஒதுக்கீடு மறுக்கப்பட்ட பெண் தொடுத்த வழக்கு. 1943 சட்டத்தின் ‘துணைப் படை’ என்ற சொல் எண்பது வருடம் கழித்து வந்து அவர் காலைத் தடுக்கியிருந்தது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. 19 வயதில் கேட்க வேண்டிய கதை வேறு.

அவளிடம் சிஸ்டர் கேட்டார்: “ப்ளஸ் டூல என்ன குரூப் எடுத்த பாப்பா?”

“பயாலஜி குரூப்பு. கவர்ன்மென்ட் ஸ்கூலு.”

“எவ்ளோ மார்க்கு?”

சொன்னாள். 50 சதவீதத்தைத் தாராளமாகத் தாண்டிய மார்க். சிஸ்டரும் பிரதரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயது வரம்பு 25 வரை இருக்கிறது. பிளஸ் டூ முடிந்து ஒரு வருடம்தான். உயிரி-விலங்கியல் புத்தகம் ஊரில் பரணில் கிடப்பதாகச் சொன்னாள். தாவரவியலைத் தங்கச்சி எடுத்துப்போய் விட்டாளாம்.

“ஹிந்தி தெரியணுமா அண்ணா?” என்று பிரதரைக் கேட்டாள்.

“போனா தானா வந்துரும். உங்க லைன்லயே பாதிப் பேரு ஒடிசா, பீகார். நீ அவங்ககிட்ட இப்ப எப்டி பேசுற?”

“கையக் காட்டித்தான்.”

“ஆங், ஆரம்பிச்சாச்சு பாரு.”

எனக்குள் ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்தது. 220 இடம், நாடு முழுவதும் போட்டி, கோச்சிங்குக்குப் பணம் கட்டிப் படித்து வருகிற பிள்ளைகள். ஹாஸ்டலில் ஒரே அறையில் பல பேர். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. இதில் எங்கே உட்கார்ந்து படிப்பாள்? கிடைக்காமல் போனால் மாநிலத்துக்குள்ளேயே பி.எஸ்ஸி. நர்சிங் சேர்ந்து, பிறகு ஷார்ட் சர்வீஸ் அறிவிப்புக்குக் காத்திருக்கலாம். அந்த அறிவிப்பு எப்போது வரும் என்பது வேறு கதை. ஆனால் எந்த வழியில் போனாலும் ஜி.என்.எம். மட்டும் எடுத்துவிடாதே என்று சிஸ்டர் அவளிடம் இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவை குரல் கொஞ்சம் உயர்ந்தது.

இரண்டேகால் ஆனது. பிரதர் ரிஜிஸ்டரை இழுத்துப் பதினேழாவது வரியைப் பார்த்தார். அவளுடைய டோக்கன் நம்பருக்கு எதிரே ‘தலைசுற்றல், ஓ.ஆர்.எஸ்., ஓய்வு’ என்று இருந்தது. லைனுக்குத் திரும்பிய நேரத்தை எழுத வேண்டும். சூப்பர்வைசர் ஏற்கெனவே ஒரு தடவை போன் செய்துவிட்டார்.

அவள் எழுந்து தொப்பிக்குள் முடியைச் செருகிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“நீட்டு என்னிக்கு சிஸ்டர்?”

“மே மாசம். ஒரு ஞாயித்துக்கெழமைல வரும்.”

“ஞாயித்துக்கெழமையா?” கொஞ்சம் யோசித்தாள். “அன்னிக்கு ஓ.டி. போடச் சொல்லுவாங்களே.”

“நான் பேசிக்கிறேன். நீ போ,” என்றார் சிஸ்டர், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே.